அண்ணிக்கு மார்பகத்தை அகற்றப் போகிறார்கள்: மறுசீரமைப்பு இந்த வயதில் தேவையா?

18 நவம்பர் 2024
கடலூர் வாசகர் ஒருவரின் கேள்வி

என் அண்ணிக்கு வயது 51. இடது மார்பகத்தில் புற்றுநோய் என்று பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவு வந்துவிட்டது. முழுவதுமாக அகற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். புதுச்சேரியில் பார்த்த மருத்துவர், அகற்றும்போதே, மார்பகத்தைத் திரும்ப உருவாக்கும் மறுசீரமைப்பு அறுவையும் செய்துகொள்ளலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அண்ணன், அம்மா, நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். பிள்ளைகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது, இனி எதற்கு இந்த அலங்காரம், உயிர் தங்கினால் போதும் என்பதே எங்கள் எண்ணம். புதிதாக ஒன்றை வைத்துவிட்டால் நோய் திரும்பினாலும் வெளியே தெரியாது என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

18 நவம்பர் 2024, இரவு
மஞ்சக்குப்பம் ஆசிரியையின் பதில்

தம்பி, உட்கார்ந்து பேசியவர்களில் அண்ணி இல்லை. மருத்துவர் யோசித்துச் சொல்லச் சொன்னது அவரிடம்தான். வீட்டில் கூட்டமில்லாத ஒரு நேரத்தில், முடிந்தால் ஒரு பெண் மூலமாக, அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

நான் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. நாற்பதைக் கடந்த சில ஆண்டுகளில் எனக்கும் இடது மார்பகம் அகற்றப்பட்டது. கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் எடுத்து மறுசீரமைப்பு செய்துகொண்டேன். முதல் அறுவை நடந்த மருத்துவமனையில் இப்படி ஒரு வழி இருப்பதாக யாரும் வாய் திறக்கவில்லை. வேறொரு ஊரில், காத்திருப்போர் வரிசையில் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. உங்கள் அண்ணிக்கு அறுவைக்கு முன்பே சொல்லும் மருத்துவர் கிடைத்திருக்கிறார். செய்துகொள்வதும் சரியான முடிவுதான், வேண்டாம் என்பதும் சரியான முடிவுதான். ஆனால் சம்பந்தப்பட்டவருக்கு விவரம் போய்ச் சேருவதற்கு முன்பே மற்றவர்கள் முடிவெடுத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் காலமும் முக்கியம். அகற்றும்போதே செய்வதாக இருந்தால் மார்பகத்தின் மேல்தோலைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டு, உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்க இயலும். சிலருக்குக் காம்பையும் காப்பாற்ற முடிகிறது. தட்டையாகத் தைத்து மூடியபின் அந்தத் தோல் திரும்பக் கிடைக்காது. பிற்பாடு வேறு இடத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

19 நவம்பர் 2024

நோய் திரும்பினால் தெரியாமல் போகும் என்ற அச்சத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்களில் பேச்சு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. இந்த அச்சத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், அந்த இடத்தில் வேறு திசுவைக் கொண்டுவந்து வைப்பதை விரும்பவில்லை. அவருடைய செல்வாக்கு நெடுங்காலம் நீடித்தது. ஆனால் அதே காலத்தில், இத்தாலியில் இகினியோ தான்சினி என்பவர் முதுகுத் தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பி அந்தப் புண்ணை மூடும் முறையை 1906இல் விரிவாக வெளியிட்டிருந்தார். அது ஏறக்குறைய மறக்கப்பட்டு, 1970களில்தான் மீண்டும் கையாளப்பட்டது.

பின்னர் வந்த ஆய்வுகள் இந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. மறுசீரமைப்பால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதில்லை. கண்டுபிடிப்பதும் பொதுவாகத் தாமதமாவதில்லை. காரணம் எளிது. மார்பகத்தை முழுதாக அகற்றியவர்களுக்கு அதே பக்கத்தில் நோய் திரும்பினால், அது பெரும்பாலும் தோலிலோ தோலுக்குச் சற்றுக் கீழேயோதான் வருகிறது. புதிதாக வைக்கப்படும் திசுவோ, இம்ப்ளாண்ட் எனும் செயற்கைப் பையோ அதற்கும் அடியில் இருக்கிறது. ஆகவே தடவிப் பார்க்கும் விரலுக்கு அது தட்டுப்படும். மறுபக்க மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பதை மட்டும் எந்த நிலையிலும் விட்டுவிடக் கூடாது.

21 நவம்பர் 2024

இதற்கெல்லாம் முன்னால் வர வேண்டிய கேள்வியை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழுவதும் அகற்றியே தீர வேண்டும் என்று மருத்துவர் சொன்னாரா, அல்லது முழுவதும் எடுத்துவிட்டால்தான் நிம்மதி என்று வீட்டில் முடிவு செய்தீர்களா?

கட்டியையும் சுற்றியுள்ள சிறு பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டு, மீதி மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசியும் நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகளின் 20 ஆண்டுக் கண்காணிப்பு முடிவுகள் 2002இல் வெளியாயின. தகுதியான நோயாளிகளில், மார்பகத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் முழுதாக அகற்றிக்கொண்டவர்களும் உயிர் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை என்று இரண்டுமே காட்டின. கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு இம்முறையை முயல்வதும் உண்டு. எல்லாருக்கும் பொருந்தாது: ஒரே மார்பகத்தில் பல இடங்களில் நோய் இருந்தாலோ, கதிர்வீச்சு கொடுக்க முடியாத நிலை இருந்தாலோ முழுதாக அகற்ற வேண்டியதுதான். ஆயினும், "எங்கள் அண்ணிக்கு இது ஏன் பொருந்தாது?" என்று மருத்துவரிடம் நேராகக் கேட்டு விடை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவரை நான் அதிகம் பார்த்ததில்லை; கேட்கத் தயங்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

24 நவம்பர் 2024

என்னென்ன முறைகள் உண்டு என்று பண்ருட்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். எனக்குச் சொல்லப்பட்டதையும் நான் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சிலிக்கான் இம்ப்ளாண்ட் வைப்பது ஒரு வழி. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதன்முதலாக வைக்கப்பட்டது. தோல் போதாதவர்களுக்கு முதலில் ஒரு வெற்றுப் பையை வைத்து, ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி வழியாக உப்புநீர் ஏற்றித் தோலை மெதுவாக விரித்துவிட்டு, பிறகு இம்ப்ளாண்டை மாற்றி வைப்பார்கள். அறுவை நேரம் குறைவு, உடலில் வேறெங்கும் வெட்டு விழாது. ஆனால் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கும் பொருளல்ல. ஆண்டுகள் கழித்து மாற்ற வேண்டி வரலாம். அதைச் சுற்றி உடல் தானாக உருவாக்கும் உறை சிலருக்கு இறுகிக் கல்லைப் போலாகி வலிக்கும். கதிர்வீச்சு பெற்ற நெஞ்சில் இந்தத் தொல்லை அதிகம். எனக்கு இம்ப்ளாண்ட் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதற்கு இதுவே காரணம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில இம்ப்ளாண்டுகள் மிக அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுடன் தொடர்புடையவை என்று தெரிந்து, 2019இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. எனவே எந்த வகை வைக்கப்படுகிறது என்று கேளுங்கள். அதன் விவரம் எழுதிய அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

முதுகுத் தசையை அதன் இரத்தக் குழாயை அறுக்காமல், தோலோடு அக்குள் வழியாக முன்னால் கொண்டுவருவது இன்னொரு வழி. நம்பகமானது, நுண்ணோக்கி வசதி இல்லாத இடத்திலும் செய்யலாம். பருமன் போதாவிட்டால் அதனடியில் சிறு இம்ப்ளாண்டும் வைப்பார்கள்.

அடிவயிற்றிலிருந்து எடுப்பதிலும் இரண்டு விதம் உண்டு. அமெரிக்க மருத்துவர் கார்ல் ஹார்ட்ராம்ஃப் 1982இல் வெளியிட்ட முறையில், வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசையும் கூடவே போகிறது. அதனால் வயிற்றுச் சுவர் தளர்ந்து புடைப்போ குடலிறக்கமோ வர வாய்ப்புண்டு. 1990களில் பரவிய முறையில் தசையை அங்கேயே விட்டுவிட்டு, அதனூடே வரும் மெல்லிய இரத்தக் குழாய்களோடு தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து, மார்பெலும்பின் ஓரத்திலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்து இணைக்கிறார்கள். அந்தக் குழாய்களின் குறுக்களவு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். எனக்கு நடந்தது இது.

காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் மாலையில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். நாற்றைப் பறித்து வேறு வயலில் நட்டால் வேர் பிடிக்கிறதா என்று முதல் சில நாள் பார்ப்பதைப் போல, புதிய இடத்தில் இரத்தம் ஓடுகிறதா என்று முதல் நாள் மணிக்கொருமுறை பார்த்தார்கள். செவிலியர் வந்து தோலின் நிறத்தைப் பார்ப்பார், புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், விரலால் அழுத்தி எடுத்து நிறம் திரும்பும் வேகத்தைப் பார்ப்பார். பிறகு தையல் முடிச்சிட்டு அடையாளம் வைத்த ஒரு புள்ளியில் சிறிது ஜெல் தடவி, இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கச் செய்யும், பேனா அளவிலான டாப்ளர் கருவியை வைப்பார். "உஷ்... உஷ்... உஷ்..." என்று சீராக ஒலி வரும். அந்த ஒலி கேட்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். ஒலி நின்றால் உடனே திரும்பவும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் திசு செத்துவிடும். அனுபவமுள்ள மையங்களிலும் நூற்றில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு அது முழுதாகத் தோற்றுப்போகிறது என்று அறுவைக்கு முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

வலி மார்பில் குறைவாகவும் வயிற்றில் அதிகமாகவும் இருந்தது. வயிற்றை இழுத்துத் தைத்திருந்ததால் நிமிர முடியாது. முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படுப்பதும், குனிந்தபடியே நடப்பதுமாகச் சில வாரங்கள் போயின. வீட்டில் இரண்டாவது ஆள் துணை இல்லாதவர்கள் இந்த முறைக்குப் போவதற்கு முன் அதை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

25 நவம்பர் 2024

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தபோது சேர்க்க வேண்டியவை தோன்றின.

புதிய மார்பகத்தில் பழைய உணர்ச்சி திரும்புவதில்லை. எனக்குத் தொடுவது தெரியும் இடங்கள் ஓரங்களில் கொஞ்சம் உண்டு. நடுவில் மரத்துத்தான் இருக்கிறது. வெந்நீர் ஒத்தடமோ சூடான பாத்திரமோ பட்டால் கொப்புளம் வந்த பிறகே தெரியும். அடுப்படியில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

நோய் திரும்பினால் விரலுக்குத் தட்டுப்படும் என்று 19ஆம் தேதி எழுதியதற்கும் ஒரு வரம்பு உண்டு. வயிற்றிலிருந்து வந்த கொழுப்பில் சில பகுதிக்கு இரத்தம் போதாமல் போனால் அது இறுகிக் கட்டியாகும். அது புற்று அல்ல. ஆனால் விரலில் தட்டுப்படும் நொடியில் பயத்தில் உயிரே போய்விடும் போலிருக்கும். எனக்கும் அப்படி ஒன்று வந்து, அல்ட்ராசவுண்டும் ஊசிப் பரிசோதனையும் செய்து, கெட்டது இல்லை என்று வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நோயை மறைக்கும் என்ற பயத்தைவிட, நோயில்லாத ஒன்றைக் காட்டிக் கலங்கடிக்கும் என்பதே என் அனுபவத்தில் உண்மை.

27 நவம்பர் 2024
கடலூர் வாசகர்

அக்கா, என் மனைவி அண்ணியிடம் பேசினாள். அவர் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையலர். "அழகெல்லாம் இருக்கட்டும், சோற்று அண்டாவை இறக்கி வைக்க முடியுமா, அதைக் கேட்டுச் சொல்லச் சொல்" என்றாராம். வேலையை விட்டுவிட நேருமோ என்பதுதான் அவர் கவலை. முழுதாக அகற்றச் சொன்னது மருத்துவர்தான். இரண்டு இடங்களில் கட்டி இருக்கிறதாம். இதையெல்லாம் அவர் மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருக்கிறார், எங்களுக்குத்தான் தெரியவில்லை.

28 நவம்பர் 2024

தம்பி, உங்கள் அண்ணி கேட்டிருப்பதைப் போன்ற கேள்வியைத்தான் அறுவை மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். வீட்டார் மூவர் பேசியதில் வராத கேள்வி அவரிடமிருந்து வந்திருக்கிறது.

முதுகுத் தசையை எடுத்தால் அன்றாட வேலைகளுக்குப் பெரும்பாலும் தடை இல்லை. ஆனால் மேலிருந்து கீழே பலமாக இழுப்பது, கையை ஊன்றி உடலைத் தூக்குவது, நெடுநேரம் துடுப்புப் போடுவது போன்றவற்றில் வலு குறைவு தெரியும். தேவனாம்பட்டினத்தில் வலை இழுக்கும் பெண்ணுக்கும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதும் எனக்கும் ஒரே பதில் பொருந்தாது. வயிற்றின் நேர்த்தசையை எடுக்கும் முறையில், கனமான பாத்திரத்தை அடிவயிற்றின் பலத்தில் தூக்குபவருக்குப் புடைப்பு வரும் அபாயம் இருக்கிறது. தசையை விட்டுவைக்கும் முறையில் அது குறைவு; ஆனாலும் ஆறிலிருந்து எட்டு வாரம்வரை கனமான எதையும் தூக்கக் கூடாது. இம்ப்ளாண்டை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைத்தால் கையால் அழுத்தித் தள்ளும்போது இறுக்கம் தெரியலாம்.

எதையும் செய்துகொள்ளாவிட்டாலும் அண்டா விஷயம் தீராது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தபின் அந்தக் கையில் நீர் கோத்து வீங்கும் வாய்ப்பு உண்டு. கதிர்வீச்சும் சேர்ந்தால் இன்னும் கூடும். பாரத்தைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். கொதிக்கும் அண்டாவை இருவராக இறக்கும் ஏற்பாட்டை இப்போதே பள்ளியில் கேட்டுவைப்பது நல்லது.

குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்ட தழும்பு இருக்கிறதே, வயிற்றிலிருந்து எடுக்க முடியுமா என்று வில்லியனூர் சகோதரி கேட்டிருந்தார். அந்தத் தழும்போ, அடிவயிற்றில் குறுக்காகப் போடப்பட்ட சிசேரியன் தழும்போ பொதுவாகத் தடையாவதில்லை. சி.டி. ஸ்கேனில் இரத்தக் குழாய்கள் எங்கே வருகின்றன என்று வரைபடம் போல் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதது, புகைப்பழக்கம், அதிக உடல் எடை ஆகியவைதாம் புண் ஆறுவதைக் கெடுக்கின்றன. மார்பகப் புற்றுக்கான தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுவதால், நுண் அறுவைக்கு முன் சில வாரங்கள் நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. தானாக நிறுத்தக் கூடாது.

3 டிசம்பர் 2024

புயல் கரை கடந்ததிலிருந்து மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. தென்பெண்ணை வெள்ளத்தால் புதுச்சேரிப் போக்குவரத்தும் தடைபட்டிருக்கிறது. ஜிப்மருக்கோ வேறு மருத்துவமனைக்கோ இந்த வாரம் போக வேண்டியவர்கள் பதற வேண்டாம். ஆலோசனை சில நாள் தள்ளிப்போவதால் கெடுதல் நேராது. கீமோ தேதி, கதிர்வீச்சுத் தேதி தவறியவர்கள் மட்டும் தொலைபேசியில் சொல்லி உடனே மறுதேதி வாங்குங்கள். ஸ்கேன் படங்களையும், பயாப்ஸித் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டையையும் நெகிழிப் பையில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

9 டிசம்பர் 2024

பணத்தைப் பற்றி. அரசு பணத்தில் அழகு சிகிச்சை ஏன் செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைகளை இலவசமாகச் செய்யும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டபோதும் இதே விமரிசனம் எழுந்தது. ஐயா, விபத்தில் காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் கொடுப்பதை யாரும் அழகுக்கென்று சொல்வதில்லை. நோய் எடுத்துக்கொண்ட உறுப்பின் இடத்தைச் சீர்செய்வது அந்த நோய்க்கான சிகிச்சையின் தொடர்ச்சிதான். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, மார்பகத்தை அகற்றும் செலவை ஏற்கும் காப்பீடு, மறுசீரமைப்பின் செலவையும், மறுபக்கத்தைச் சமமாக்கும் செலவையும், வெளியே அணியும் செயற்கை மார்பகத்தின் செலவையும் ஏற்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது.

நம் நாட்டில் தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்குப் பட்டியலில், அழகு அல்லது பிளாஸ்டிக் அறுவைக்குப் பணம் இல்லை என்று இருக்கிறது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. என் கோரிக்கை முதலில் "காஸ்மெடிக்" என்று நிராகரிக்கப்பட்டது. அந்த வரியை அடிக்கோடிட்டு, புற்றுநோய் அறுவையின் ஆவணத்தையும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து மேல்முறையீடு செய்த பிறகே ஏற்றார்கள். மருத்துவர் தரும் கடிதத்தில் "புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்டதைத் தொடர்ந்து" என்ற தொடர் தெளிவாக இருக்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை என்பதோடு நின்றுவிடாமல், தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையில் இந்தக் குறிப்பிட்ட அறுவைக்கு முன் அனுமதி கிடைக்குமா என்று அங்கிருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: நாம் தமிழ்நாட்டு அட்டையோடு எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிறோம். எந்த அட்டை எங்கே செல்லும் என்பதை வாய்மொழியாக நம்பாமல், எழுத்தில் வாங்குங்கள்.

15 டிசம்பர் 2024

மறுசீரமைப்பு வேண்டாம் என்பவர்களைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை என்று நெல்லிக்குப்பம் அம்மா ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். அவர் எழுபதை நெருங்குகிறார். தட்டையான நெஞ்சோடு நிம்மதியாக இருக்கிறார். அவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தட்டையாக விட்டுவிடுவதிலும் நன்றாகச் செய்வது, ஏனோதானோ என்று செய்வது என இரண்டு உண்டு. அக்குள் பக்கம் தோல் மடிந்து தொங்காமல் சமமாகத் தைத்து மூடித் தரும்படி முன்கூட்டியே கேட்கலாம். அந்த மடிப்பு இருந்தால் வியர்வையில் உராய்ந்து புண்ணாகும். கடலூர் சித்திரை வெயிலில் அது சிறிய தொல்லை அல்ல.

நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஆரம்பத்தில் பஞ்சைச் சுருட்டி வைத்தேன். பஞ்சுக்கு எடை இல்லாததால் கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் உள்ளாடை ஒருபக்கமாக மேலே ஏறிவிடும்; மாணவர்கள் பக்கம் திரும்புவதற்கு முன் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே திரும்புவேன். திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ரவிக்கை தைக்கும் அம்மாள்தான் வழி கண்டுபிடித்தார். மல் துணியில் ஒரு பை தைத்து, அதில் கேழ்வரகை நிரப்பி, தராசில் எடை பார்த்து, ரவிக்கையின் உட்புறம் ஒரு அறை வைத்து அதற்குள் செருகித் தந்தார். எடை இருந்ததால் இடம் மாறவில்லை. தோளும் ஒருபக்கம் சாய்வது குறைந்தது. மழையில் நனைந்தால் தானியத்தை மாற்ற வேண்டும், அவ்வளவே.

பிற்பாடு சிலிக்கான் செயற்கை மார்பகம் வாங்கினேன். புண் நன்றாக ஆறிய பிறகுதான் அதை அணிய வேண்டும். அதுவரை பருத்தி நூலில் பின்னியவை இதமாக இருக்கும். அப்படிப் பின்னி இலவசமாகத் தரும் தன்னார்வலர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். புற்றுநோய்ப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். இவற்றோடு முழு நிறைவாக வாழ்பவர்கள் ஏராளம். எனக்கு நிறைவு வரவில்லை. இரவில் அதைக் கழற்றி வைக்கும் நேரம் ஒவ்வொரு நாளும் வந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் வராமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கணவருக்காகவோ ஊருக்காகவோ செய்துகொண்டேனா என்று என் நாத்தனார் கேட்டபோதும் இதையே சொன்னேன்.

22 டிசம்பர் 2024
கடலூர் வாசகர்

அக்கா, மருத்துவர்கள் கூடிப் பேசினார்களாம். அக்குளில் நெறிக்கட்டிகள் பலவற்றில் நோய் இருப்பது போல் தெரிவதால் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கட்டாயம் என்றும், மறுசீரமைப்பைப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது என்றும் சொல்லிவிட்டார்கள். அண்ணி சரி என்றுவிட்டார். ஜனவரி முதல் வாரத்தில் அறுவை. பிறகு என்று சொல்வது, இல்லை என்பதன் நாகரிகமான வடிவமா?

23 டிசம்பர் 2024

இல்லை தம்பி. கதிர்வீச்சு தேவைப்படுபவர்களுக்குப் பல மருத்துவர்கள் இந்த வழியைத்தான் சொல்கிறார்கள். உடனடியாகச் செய்த இம்ப்ளாண்டோ வயிற்றுத் திசுவோ கதிர்வீச்சில் சுருங்கி இறுகலாம். புண் ஆறத் தாமதமானால் கீமோவும் கதிர்வீச்சும் தள்ளிப்போகும். நோயைத் தீர்ப்பதற்கு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை பொறுத்து, தோல் இளகிய பிறகு பார்ப்பார்கள். அப்போது உடலின் சொந்தத் திசுவே பெரும்பாலும் ஏற்றது. கதிர்பட்ட தோலுக்கு நல்ல இரத்த ஓட்டத்தை அது கொண்டுவருகிறது. ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்துச் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். 51 வயது இதற்குத் தடையே இல்லை. வயதைவிடச் சர்க்கரையும் இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்றுதான் பார்ப்பார்கள்.

முதல் நாள் இரவு காலத்தைப் பற்றி நான் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். மேல்தோலைக் காப்பாற்றும் வாய்ப்பு அண்ணிக்கு இனி இல்லை. மறுசீரமைப்பு என்ற வாய்ப்பு அப்படியே இருக்கிறது. ஒன்றை மட்டும் இப்போதே செய்யலாம்: அகற்றுவதற்கு முன், அதே மருத்துவமனையின் பிளாஸ்டிக் அறுவைப் பிரிவு மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜிப்மர் போன்ற பெரிய இடங்களில் இரு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தழும்பு எந்தத் திசையில் விழ வேண்டும், முதுகுத் தசைக்குப் போகும் இரத்தக் குழாயை அக்குள் அறுவையின்போது காப்பாற்ற முடியுமா என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அப்படி யாரும் பேசி வைக்கவில்லை.

11 ஜனவரி 2025

அறுவை நல்லபடியாக முடிந்தது என்ற செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அறுவை செய்த இடத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குப்பியில் சேரும் நீரை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதலில் சிவப்பாக இருந்து, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். அளவு குறைந்த பிறகே குழாயை எடுப்பார்கள். திடீரென்று அளவு கூடினாலோ, மீண்டும் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாயை எடுத்த பிறகும் அங்கே நீர் தேங்கி வீங்கலாம். ஊசியில் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், பயப்பட வேண்டாம்.

கைப்பயிற்சியை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து விடாமல் செய்யச் சொல்லுங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், அடுத்த வாரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். கதிர்வீச்சுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுக்க வேண்டியிருப்பதால் இது இப்போதே தேவை.

கடைசியாக, காம்பு இல்லாமல் என்ன மறுசீரமைப்பு என்று அண்ணி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அது மார்பகம் உருவாகிச் சில மாதங்கள் கழித்து, இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அங்குள்ள தோலையே மடித்துத் தைத்துச் செய்யும் சிறிய அறுவை. நாளாவட்டத்தில் அதன் உயரம் கொஞ்சம் குறையும். நிறத்துக்குப் பச்சை குத்துவது போல் சாயம் ஏற்றுவார்கள். சிலர் அறுவையே இல்லாமல் அந்தச் சாயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான். அவர் இதைக் கேட்கிறார் என்றால் பிற்பாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். அறுவைக் குறிப்பு, அகற்றிய திசுவின் நோய்க்கூறு அறிக்கை, கதிர்வீச்சின் அளவு எழுதிய தாள் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, அதை அண்ணியிடமே கொடுத்து வையுங்கள்.